படலத்துக்குள் நைட்ரஜன்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், அலுமினியத் தாள் செய்கிறேன் என்பேன். ரொட்டி சுற்றிக் கொடுப்பார்களே அதுவா என்பார்கள். அதேதான் என்பேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் ஐந்தாவது வாக்கியத்தில் கேட்டவர் கண் செருகிவிடும். தவிர, எனக்குப் பொய் எளிதாக வரும். எவ்வளவு எளிதாக வரும் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் பெயர் ஃபிலோமெனா. தேஜு நதியின் தென்கரையில், லிஸ்பனுக்கு எதிரே, அல்கோஷெட் உப்பளங்களுக்குப் பின்னால் இருக்கும் அணு ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் இலக்குகள் செய்தேன். விஞ்ஞானிகள் ஒரு அணுவை வேகமாகச் செலுத்தி இன்னொரு அணுவின் மேல் மோதவிட்டு, என்ன சிதறுகிறது என்று பார்ப்பார்கள். அடி வாங்க வேண்டிய அணுவை யாராவது ஓர் இடத்தில் பிடித்து வைக்க வேண்டுமே, அதுதான் இலக்கு. அடி வாங்குவது ஹீலியமாக இருந்தால் சனியன் பிடித்த வேலை. ஹீலியம் எதோடும் ஒட்டாத வாயு. ஆகவே அதை ஒரு மெல்லிய அலுமினியப் படலத்துக்குள் சுட்டுப் புதைத்துவிடுவோம். படலம் செய்வது என் பொறுப்பு. எந்திரத்தில் வைத்துப் புதைப்பது என்னோடு வேலை பார்த்த அபீலியுவின் பொறுப்பு.

தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தப் படலம். கண்ணாடிச் சில்லில் உப்பைப் பூசி, அதன் மேல் வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியவிடுவேன். பிறகு சில்லைச் சாய்த்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குவேன். உப்பு கரையும், படலம் கழன்று தண்ணீரின் மேல் மிதக்கும். துளையுள்ள சின்னச் சட்டம் ஒன்றை அடியில் கொண்டுபோய் அதை ஏந்தித் தூக்க வேண்டும். அந்த அரை நிமிடம் மூச்சு விடக்கூடாது, பேசக்கூடாது. கதவுப் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் இயக்குநரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு எங்களுக்குக் கொடுத்திருந்த அறையைப் பார்க்க வேண்டுமே. ஜன்னல் கிடையாது. வெற்றிட பம்ப்பைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் பாத்திரமும் அதே அறையில். நைட்ரஜன் ஆவியாகி அறையில் நிறைந்துவிடக் கூடாது என்று கூரையில் ஒரு பெரிய காற்றாடி, இரவு பகலாக ஓடும். அது மேலே இழுக்க இழுக்க, சுவரில் இருந்த கம்பிவலைத் திறப்பு வழியாக உப்பளக் காற்று உள்ளே வந்து நேராக என் தண்ணீர்த் தொட்டியில் மோதும். அறையைக் கட்டிய புண்ணியவான் வாழ்நாளில் ஒரு படலத்தையும் தூக்கியிருக்க மாட்டான்.

இதற்கு அபீலியு கண்ட வழி அவனுடைய முதுகு. நல்ல அகலமான முதுகு. நான் சில்லைத் தண்ணீரில் இறக்கும் நேரத்தில் வந்து, கம்பிவலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். காற்று அவனோடு நின்றுவிடும்.

"மேனா, மூச்சை விட்டுடாதே. நீ விட்டா அது லிஸ்பன் போய்ச் சேரும்."

"வாயை மூடிட்டு நில்லு. உனக்குச் சம்பளமே அந்த முதுகுக்குத்தான்."

"இதைப் போய் என் பொண்டாட்டிகிட்ட சொல்லு. எருமை முதுகுங்கறா."

இளவயதில் பந்தாட்டத்தில் மூக்கு உடைந்தவன். மூச்சு விட்டால் மெல்லிய சீழ்க்கை வரும்: இரண்டு குட்டை, ஒரு நீளம். நான் அடக்கிக்கொண்டிருக்கும் அரை நிமிடமும் அவன் மட்டும் சுவருக்குப் பக்கமாய் முகத்தைத் திருப்பி அப்படி விட்டுக்கொண்டிருப்பான். கதவருகே இருந்த காற்றாடியின் சுவிட்சுக்கு மேலே அவன் கையெழுத்தில் ஓர் அட்டை: "இந்தக் காற்றாடியை நிறுத்துபவர் கழுதை. இப்படிக்கு, அபீலியு."

நதியின் மேல் புதிய பாலம் திறந்த வருடம், ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. படலம் தயார். அபீலியு ஹீலியம் உருளை வந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட வாசலுக்குப் போயிருந்தான். ஐந்து நிமிடத்தில் வந்திருப்பான். நான் என் வாழ்க்கையில் எதற்கும் ஐந்து நிமிடம் காத்திருந்ததில்லை. கையை நீட்டிக் காற்றாடியை நிறுத்தினேன்.

படலம் அற்புதமாக வந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் சட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்துக் கட்டடத்து உலர் பெட்டிக்குப் போனேன். அங்கிருந்து அப்படியே காபி குடிக்கப் போனேன். சுவிட்சு என்று ஒன்று இருப்பதே என் நினைவில் இல்லை.

அபீலியு திரும்பி வந்து வழக்கம்போல நைட்ரஜன் ஊற்றியிருக்கிறான். பம்ப் சத்தத்தில் காற்றாடி ஓடுகிறதா நிற்கிறதா என்று யாருக்குக் கேட்கும்? பாத்திரத்தின் வால்வு உறைந்து திறந்தபடியே நின்றுவிட்டது. நைட்ரஜனில் மூச்சுத் திணறாது. இருமல் வராது. நாம் எப்போதும் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான், ஆகவே உடம்புக்கு எந்தச் சந்தேகமும் வராது. இரண்டு மூச்சு, மூன்றாவதில் ஆள் கீழே. நான் காபி குடித்துவிட்டு வந்தபோது கதவுக்கடியிலிருந்து வெள்ளைப் புகை தவழ்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். அவன் தரையில், தூங்குகிறவன் மாதிரி கிடந்தான்.

லிஸ்பனிலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் வயதானவர் என்னிடம் கேட்டார்: "நீங்க கெளம்பறப்ப காத்தாடி ஓடிட்டு இருந்துதா?"

"ஓடிட்டு இருந்துது" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அபீலியுவே நிறுத்தியிருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அட்டையைப் படித்தவர் தலையை ஆட்டினார். கழுதை யார் என்று அவருக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியோ தின்று தூங்கி வாழ்ந்திருப்பேன், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஆனால் அபீலியுவின் மனைவி தியொலிந்தா எங்கள் உணவுக்கூடத்தில்தான் சமைக்கிறாள். என் சூப்பைத் தினமும் அவள்தான் ஊற்றுகிறாள். அந்த வியாழக்கிழமை காலையில் அவர்களுக்குள் ஒரு சண்டை. அவள் அம்மா பூ வேலை செய்து கொடுத்த மேசைவிரிப்பில் அபீலியு எந்திரத்தின் ஏதோ ஓர் எண்ணெய் ஒழுகும் பாகத்தைச் சுற்றி வைத்திருந்தான். அதற்கு அவள், "போ, அந்த மிஷினோடவே படுத்துக்க. வீட்டுப் பக்கம் வந்துடாதே" என்று கத்தியிருக்கிறாள். அவன் வரவில்லை.

"அவனுக்கு அந்தக் காத்தாடியப் பத்தித் தெரியாதாடி?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் கேட்பாள். "அட்டை எழுதி ஒட்டினவன். தெரிஞ்சுதான நிறுத்தியிருக்கான். நான் வராதேன்னேன், அவன் வரலை."

நான் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டுக்கொண்டே, "அப்படியெல்லாம் இருக்காது, தியொலிந்தா" என்பேன்.

பூட்டி வைத்திருந்த அறையைச் செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். காற்றாடியின் சுவிட்சைப் பிடுங்கிவிட்டு நேரடியாக மின்சாரம் கொடுத்திருந்தார்கள். இனி யாராலும் நிறுத்த முடியாது. காற்றைத் தடுக்க நான் தொட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி செய்து கவிழ்த்தேன், கை நுழைக்க இரண்டு துளை, துளைகளில் ரப்பர் உறை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். இரண்டு மணி நேர வேலைதான். பத்தொன்பது வருடம் ஒரு முதுகை நம்பியே காலத்தை ஓட்டியிருக்கிறோம்.

இத்தாலியிலிருந்து ஒரு குழு டிசம்பரில் வருவதாக இருந்தது. அவர்களுக்கு எட்டு ஹீலியம் இலக்குகள் வேண்டும். அபீலியுவின் எந்திரத்தை இப்போது டாக்டர் ஒலெகாரியுவே ஓட்டினார். நல்ல விஞ்ஞானி, நல்ல மனுஷனும்தான், ஆனால் ஒரு திருகாணியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பவர். அபீலியு எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்துத்தான் ஒவ்வோர் அளவையும் வைத்தார்.

முதல் படலத்தைத் தண்ணீரில் விட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்து மணி இருக்கும். பெட்டி மூடியிருந்தது. என் மூச்சு அடங்கியிருந்தது. படலம் ஒரு வெள்ளித் துண்டாகத் தண்ணீரில் கிடந்தது. அப்போது அது லேசாக அசைந்தது. பின் இன்னொரு தடவை. அதன் பிறகு நீளமாக ஒரு நடுக்கம், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடி அடங்கியது.

ரயில் போகிறது, தரை அதிர்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கம் ரயில் பாதையே கிடையாது. மறுபடியும் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். மூடிய பெட்டிக்குள் யாரோ தண்ணீருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, படலம் கெட்டுவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து மூச்சு விடுவது போல இருந்தது. பழகிய கை. சட்டத்தை ஏந்தித் தூக்கிவிட்டேன். அதன் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கதவருகில் இருந்த அபீலியுவின் அட்டை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் காற்றே இல்லை. நெற்றி வியர்த்தது. பெட்டியினால்தான் என்று நினைத்துக்கொண்டேன், பெட்டி என் முகத்தையா மூடியிருக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஒலெகாரியு அந்தப் படலத்தில் ஹீலியத்தைப் புதைத்தார். புதைத்ததும் ஒவ்வோர் இலக்கையும் சோதித்துப் பார்ப்போம். உள்ளே என்னென்ன அணு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று திரையில் மேடு மேடாகத் தெரியும். அலுமினிய மேடு இருந்தது, ஹீலிய மேடு இருந்தது. நடுவில் இன்னொரு மேடு.

"நைட்ரஜன்" என்றார் ஒலெகாரியு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "இது எங்கேர்ந்து வந்துது?"

"காத்துல இருக்கறது மேல ஒட்டியிருக்கும், டாக்டர்."

"மேல இல்லையே. ஹீலியம் எந்த ஆழத்துல நிக்குதோ அங்கேயே நிக்குது. யாரோ சுட்டுப் பொதச்ச மாதிரி."

அந்த எந்திரத்தில் ஒரு காந்தம் உண்டு. அது எடை பார்த்துப் பிரித்து அனுப்பும். நாங்கள் புதைப்பது எடை மூன்று உள்ள அரிய வகை ஹீலியம்; அதற்கு வைத்தால் மூன்று மட்டும்தான் வளைந்து படலத்தை அடையும். எடை பதினான்கு உள்ள நைட்ரஜன் சுவரில் போய் இடித்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றுக்கு வைத்த வழியில் பதினான்கு வந்ததாக உலகத்தில் எங்கேயும் சரித்திரம் கிடையாது.

இரண்டாவது இலக்கிலும் நைட்ரஜன் இருந்தது. மூன்றாவதில் மேடு இன்னும் உயர்ந்திருந்தது. ஒலெகாரியு எந்திரத்தைப் பிரித்து, கசிவு தேடி, குழாய் குழாயாகத் துடைத்து மாட்டினார். ஓர் ஓட்டையும் இல்லை. சோதனைக்காக ஒரு படலத்தில் ஹீலியமே புதைக்காமல், வெறுமனே என் தொட்டியிலிருந்து தூக்கி நேராகச் சோதித்தார். அதிலும் இருந்தது. அதை அவர் பதிவேட்டில் எழுதவில்லை. தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அவர் கிழித்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

நான் ஒவ்வொரு காலையும் அந்த அறைக்குள் பயந்துகொண்டுதான் போனேன். ஆனாலும் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு நாள் பெட்டிக்குள் படலம் அசைந்துகொண்டிருந்தபோது, "என்னடா வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டேன், படலம் தண்ணீரில் இருக்கும்போது பேசக்கூடாது என்ற விதியை முதல் தடவையாக மீறி. அசைவு நின்றது. வெகுநேரம் நின்றிருந்தது. பிறகு முன்னைவிட நிதானமாகத் தொடங்கியது. கோபமாக இருந்தால்கூடத் தேவலை. அவன் பதில் சொல்ல அவசரப்படாதவன், உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

நவம்பர் கடைசி வாரம் ஏழாவது இலக்கும் பாழாயிற்று. ஒலெகாரியு என்னைக் கூப்பிட்டார். மேசையில் அபீலியுவின் நோட்டு திறந்திருந்தது.

"ஃபிலோமெனா, எனக்குப் புரிஞ்சு போச்சு. காந்தத்தோட அளவெல்லாம் நோட்டுல தப்பா இருக்கு. அபீலியு கணக்கு வெச்சதுலயே கோளாறு. இத்தனை வருஷமா யாரும் கவனிக்கலை. இத்தாலிக்காரங்களுக்கு அப்படித்தான் எழுதப் போறேன்."

"தப்பு இல்ல, டாக்டர். நான் போன வாரம் உக்காந்து சரிபார்த்தேன்."

"வேற எப்படி வரும் சொல்லுங்க? பாவம், கொஞ்சம் அஜாக்கிரதையான ஆளுதான அவரு. காத்தாடி விஷயத்துலயே பாத்தோமே."

பாவம் என்றுதான் சொன்னார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அபீலியு பத்தொன்பது வருடத்தில் ஒரு திருகாணியைக்கூட அரைத் திருப்பு குறைவாக விட்டதில்லை. என் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு இனி ஊரில் நடக்கும் ஒவ்வொரு கோளாறையும் அவன் தலையில் கட்டுவார்கள்.

"நாளைக்கு எழுதுங்க. இன்னிக்கு எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு நேராக உணவுக்கூடத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. தியொலிந்தா பெரிய சூப்புப் பானையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பாதி உடம்பு உள்ளே போக, தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பு தீந்துபோச்சு, மேனா. காட் மீன் ரெண்டு துண்டு இருக்கு. வேணுமா?"

"காத்தாடிய நிறுத்தினது நான்" என்றேன்.

தேய்க்கும் சத்தம் நின்றது. அவள் பானைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

"அவன் வாசலுக்குப் போயிருந்தான். அவன் வந்து நிக்கற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல. நிறுத்தினேன். படலத்தைத் தூக்கினேன். மறுபடி போட மறந்துட்டேன். விசாரணையில பொய் சொன்னேன். அவன் நிறுத்தலை, தியொலிந்தா. அவனுக்குத் தெரியவே தெரியாது. உன்னோட சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அவன் சாயந்திரம் வீட்டுக்கு வரத்தான் இருந்தான்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பொய்யையும் அப்படித்தான் சொன்னேன், அது மட்டும் மாறவில்லை.

அவள் மெல்ல நிமிர்ந்தாள். கையில் நுரை. முகத்தில் ஒன்றும் இல்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு மாசம்" என்றாள். "அஞ்சு மாசமா என் கையால சூப்பு வாங்கிக் குடிச்சிருக்கே. நான் உன்கிட்ட வந்து வந்து அழுதிருக்கேன்."

"ஆமாம்."

"அந்தக் காத்தாடி ஓடினா என்ன ஆயிடும் உன் படலத்துக்கு?"

"கிழிஞ்சிடும்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா. முன்னால யாராவது நின்னாத்தான் தப்பும். இல்லேன்னா ஒரு நொடி தாங்காது."

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "சரி, காட்டு. என் புருஷன் எதுக்காகச் செத்தான்னு நான் பாக்கணும். பாத்துட்டு அப்புறம் ரெண்டு பேருமா இயக்குநர்கிட்ட போவோம். இப்ப சொன்னதை அங்கயும் சொல்லணும் நீ."

"சொல்றேன்."

மதியம் மூன்று மணிக்கு அந்த அறைக்குப் போனோம். அவள் அதற்குள் வருவது அதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்தாள், எந்த இடம் என்று கேட்கவில்லை. அட்டையைப் படித்தாள். அது காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. காற்றாடி முழு வேகத்தில் ஓடியது. கதவில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்து, தொட்டியின் மேலிருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

கண்ணாடிச் சில் ஒன்று மீதி இருந்தது, எட்டாவது. அதைச் சாய்த்துத் தண்ணீரில் இறக்கினேன். படலம் கழன்று வந்தது. அது கிழிவதற்காகக் காத்திருந்தேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு படலம் கிழிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று மட்டும்தான்.

கிழியவில்லை.

கதவோரம் நின்ற தியொலிந்தாவின் ஏப்ரன் நாடா பறந்துகொண்டிருந்தது. நெற்றி முடி பறந்தது. படலமோ, மூடிய பெட்டிக்குள் இருப்பது போல, தண்ணீரில் அசையாமல் கிடந்தது.

"கிழியலையே, மேனா" என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அப்ப இதுவும் பொய்யா?"

படலத்தைக் கையால் காட்டினேன். அது அசையத் தொடங்கியிருந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். நின்றது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

இருபத்தாறு வருடம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்தவள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கம்பிவலையைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். சுவரோரமாக இரண்டு அடி நடந்து, இரண்டுக்கும் நடுவில் கையை நீட்டினாள். சட்டைக் கை படபடவென்று அடித்துக்கொண்டது. கையை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினாள். துணி தொங்கிப் போயிற்று. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது வரைக்கும் காத்து அடிக்குது. இதுக்கு இந்தப் பக்கம் இல்ல" என்றாள். "மத்தி சுட நான் கரி பத்தவெக்கறப்ப இப்படித்தான் வந்து நிப்பான். அணைஞ்சுடப் போவுதுன்னு. நான் கூப்பிடவே வேண்டாம்."

என் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் அழும் உரிமை எனக்கு ஏது? அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. காலியாக இருந்த அந்த இடத்தோடு பேசினாள், வீட்டில் பேசுகிற குரலில்.

"கழுதை. செத்தும் இவ வேலையத்தான் பாக்கறே. நான் அங்க தனியா உக்காந்துட்டிருக்கேன். அந்த விரிப்புக்காக நான் சொன்னது வாய்க்கு வந்தது, மனசுலேர்ந்து இல்ல. நீ வராம இருந்தது அதுக்காக இல்லேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எனக்கு அது போதும். இவ சொன்னது நெஜமான்னு மட்டும் நான் பாக்கணும். நகரு, அபீலியு."

படலம் ஒரு தடவை நீளமாக நடுங்கியது. இரண்டு குட்டை மூச்சுக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை.

பிறகு அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சத்தமில்லாமல் கிழிந்து, துண்டு துண்டாகித் தொட்டியின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அறையை மறுபடி திறந்ததிலிருந்து முதல் தடவையாக உப்பளக் காற்று என் முகத்தில் அடித்தது.